ஊசியை விட்டு விலகிய அம்புக்குறி: என் அனுபவம்

திருப்பூரில் தொழில் கற்று, இப்போது மொரீஷியஸில் ஒரு பின்னலாடை ஆலையில் வட்டப் பின்னல் இயந்திரங்களைக் கவனித்துவரும் எனக்கு, துணியில் நெடுக்காக விழுந்த ஒரு கோடு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன், நான் அணிந்திருந்த மிகை மெய்மைக் கண்ணாடியின் (கண்முன் உள்ள காட்சியின்மேல் படங்களைச் சேர்த்துக் காட்டும் கண்ணாடி) கேமரா வழியே திருப்பூரிலிருந்து பார்த்து, பழுதான ஊசியின்மேல் சிவப்பு அம்புக்குறி ஒன்றை வரைந்தார். ஊசிகள் வட்டமாக நிற்கும் சிலிண்டரைக் கையால் சற்றே திருப்பியதும் அம்புக்குறி வேறோர் ஊசியைக் காட்டியது. நானும் நல்ல ஊசியைக் கழற்றிவிட்டேன்.

சுற்றிலும் உள்ள அசையாத பொருள்களைக் கொண்டே கண்ணாடி அம்புக்குறியின் இடத்தைக் கணிக்கிறது. ஆகவே, சுழலும் சிலிண்டரோடு அது சேர்ந்து வராது. இதைப் புரிந்துகொண்ட அண்ணன், “தம்பி, கோட்டைப் பிடித்துக்கொண்டே மேலே போ, அந்த ஊசியை, ஊசி மாற்றும் கதவுக்கு நேராக நிறுத்து, பிறகு வரைகிறேன்” என்றார்.

இன்னொரு தொல்லை வெயில். ஒளிபுகும் கண்ணாடியால் ஒளியைக் கூட்டத்தான் முடியும், இருளைக் காட்ட முடியாது என்பதால், சன்னல் வெளிச்சத்தில் அம்புக்குறி வெளிறியது. இயந்திரத்தின் பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டேன்.

இம்முறை அண்ணன் காட்டிய ஊசியைக் கழற்றி நகத்தால் நெருடினேன். அதன் கொக்கியை மூடும் நாக்கு ஒருபக்கம் வளைந்து, மூடாமல் நின்றது. புது ஊசி போட்டு ஓட்டினோம். இங்கே காலை 10 மணி, அங்கே 11.30, கோடு இல்லாத துணி கீழே இறங்கியது.