கல்லூரிக் கால்பந்து முடிந்த பிறகும் ஆட: வீடியோவிலிருந்து ஒப்பந்தம் வரை

என் மகள் வட கரோலினாவில் ஒரு டிவிஷன் 2 கல்லூரியில் நான்கு வருடம் லெஃப்ட் பேக் (இடது பக்கத் தடுப்பாட்டக்காரர்) ஆடினாள். கடைசி ஆட்டம் நவம்பரில் முடிந்தது. மறுநாள் காலை காபி குடிக்கும்போது, "எனக்கு இன்னும் ஆடணும்மா" என்றாள். அடுத்த அடி எது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஐந்து மாதம் தேடினோம். தப்பாகச் செய்தோம், திருத்திச் செய்தோம். ஏப்ரலில் ஐஸ்லாந்தின் இரண்டாம் நிலை லீக்கில் ஓர் அணியில் சேர்ந்தாள். இதே கேள்வியோடு நிற்கும் அமெரிக்கத் தமிழ்ப் பெண்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். கல்லூரி அணியில் இடம் பிடிப்பது, ஸ்காலர்ஷிப், டிவிஷன் வித்தியாசம் எல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்குள் போகவில்லை.

தொடங்கும் முன் ஒன்று. முன்பு அமெரிக்காவின் தொழில்முறை மகளிர் லீக்கான என்டபிள்யூஎஸ்எல்-இல் டிராஃப்ட் இருந்தது. ஜனவரியில் அணிகள் வரிசையாகக் கல்லூரிப் பெண்களின் பெயரைச் சொல்லி எடுத்துக்கொள்ளும். 2024 ஆகஸ்டில் வீராங்கனைகள் சங்கத்தோடு போட்ட புதிய உடன்பாட்டில் அந்த டிராஃப்டையே எடுத்துவிட்டார்கள். எந்த அணிக்கு ஆடுவது என்று பெண்ணே முடிவு செய்யலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த மாற்றம். ஆனால் நம் பெயரை யாராவது மேடையில் சொல்வார்கள் என்று காத்திருக்க இனி வழியில்லை. நாமேதான் கதவைத் தட்ட வேண்டும்.

படி 1: ஆட்டங்களின் பதிவை இன்றே இறக்குங்கள்

ஆட்டப் பதிவுகளுக்கான ஹட்ல் தளத்தில் கல்லூரிக்கு உள்ள கணக்கில் எல்லா ஆட்டமும் இருக்கும். சீசன் முடிந்ததும் அந்தக் கணக்கு எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம். பட்டமளிப்பு வரை காத்திருக்க வேண்டாம். முழு ஆட்டங்களையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவையுங்கள்.

இரண்டு வகைப் பதிவு கிடைக்கும். ஒன்று நேரலை ஒளிபரப்பு. கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். இன்னொன்று உயரத்திலிருந்து மைதானத்தை அகலமாகக் காட்டும் பதிவு. டிஃபென்டர் என்றால் இரண்டாவதுதான் வேண்டும். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது அவள் எங்கே நின்றாள் என்பது ஒளிபரப்பில் தெரியவே தெரியாது. பயிற்சியாளர் பார்ப்பது அதைத்தான்.

படி 2: வீடியோ

எங்களை இரண்டு மாதம் நிறுத்திவைத்த இடம் இது.

முதலில் ஏழு நிமிட வீடியோ செய்தோம். தொடக்கத்தில் புகைப்படம், பெயர், கல்லூரிச் சின்னம், பின்னணியில் பாட்டு. ரொம்ப அழகாக இருந்தது. 23 அணிகளுக்கு அனுப்பினோம். ஒரு பதில்கூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் மைதானத்துக்கு வரும் ஓய்வுபெற்ற பயிற்சியாளர் ஒருவரிடம் போனில் காட்டினேன். அரை நிமிடம் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "இதில் உங்கள் மகள் யார்?"

22 பேர் ஓடும் மைதானத்தில் எனக்கு அவள் மட்டும்தான் தெரிகிறாள். பார்ப்பவருக்கு அப்படி இல்லை. அன்று இரவே முழுவதையும் கலைத்துவிட்டு மறுபடி செய்தோம்:

பெயர், பிறந்த வருடம், ஆடும் இடம், எந்தக் கால், உயரம், பாஸ்போர்ட் நாடு. இவை ஒரே திரையில், மூன்று விநாடி. அதற்கு மேல் அறிமுகம் வேண்டாம்.

ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் காட்சியை ஒரு விநாடி உறையவைத்து அவளைச் சுற்றி வட்டம் போடுங்கள். பிறகு ஓடவிடுங்கள்.

பந்து அவளிடம் வருவதற்கு மூன்று நான்கு விநாடி முன்பே துண்டு தொடங்கட்டும். பாஸ் போன பிறகும் இரண்டு விநாடி இருக்கட்டும். நாங்கள் முதலில் டேக்கிள் செய்யும், அதாவது எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிக்கும் கணத்தை மட்டும் வெட்டியிருந்தோம். அந்த இடத்துக்கு அவள் எப்படி வந்து சேர்ந்தாள் என்பது அதில் இல்லை.

மிகச் சிறந்த மூன்று துண்டுகள் முதலில். அப்புறம் வகைவாரியாக: ஒருவருக்கு ஒருவர் தடுப்பது, பின்னால் திரும்பி ஓடிப் பிடிப்பது, நீண்ட பாஸ், கிராஸ் (பக்கவாட்டிலிருந்து கோல் முன் அடிக்கும் பந்து). மொத்தம் நான்கு நிமிடம் போதும். பாட்டு வேண்டவே வேண்டாம்.

வெட்டுவதற்கு டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். பழக ஒரு வாரம் ஆகும். போன் ஆப்களில் சீக்கிரம் முடியும் என்பார்கள். ஆனால் வட்டத்தைச் சரியான ஆள்மேல் பொருத்திவைப்பது சின்னத் திரையில் பெரும்பாடு. வீடியோவை யூடியூபில் அன்லிஸ்டட் ஆக (இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி) போட்டு இணைப்பை அனுப்புங்கள். கோப்பாக அனுப்பினால் யாரும் இறக்கிப் பார்ப்பதில்லை.

கூடவே இரண்டு முழு ஆட்டங்களின் இணைப்பு கட்டாயம். கல்லூரி ஆட்டத்தில் வெளியே போனவர் மறுபடி உள்ளே வர விதி இடம் கொடுக்கிறது. மற்ற இடங்களில் போனால் போனதுதான். அதனால், "இந்தப் பெண் 90 நிமிடம் தாங்குவாளா?" என்ற சந்தேகம் வெளிநாட்டுப் பயிற்சியாளர்களுக்கு எப்போதும் உண்டு. அவள் முழு நேரமும் ஆடிய ஆட்டங்களாகப் பார்த்துக் கொடுங்கள்.

படி 3: நாள்காட்டியைப் பார்த்து அணிகளைத் தேர்ந்தெடுங்கள்

கல்லூரி சீசன் ஆகஸ்டில் தொடங்கி டிசம்பர் தொடக்கத்தில் முடிகிறது. அந்த நேரத்தில் யாருக்கு ஆள் தேவை என்று பாருங்கள்.

என்டபிள்யூஎஸ்எல் மார்ச்சில் தொடங்கும். 2025-இல் அங்கே குறைந்தபட்சச் சம்பளம் 48,500 டாலர். ஒப்பந்தம் இல்லாதவர்களையும் சில அணிகள் சீசனுக்கு முந்தைய முகாமுக்கு அழைத்துப் பார்க்கும்; இவர்களை நான்-ராஸ்டர் இன்வைட்டி என்பார்கள். போட்டி கடுமை. அமெரிக்கத் தேசிய அணி வீராங்கனை டிரினிட்டி ராட்மன் மாதிரி உச்சத்தில் இருப்பவர்கள் கல்லூரி அணிக்கு ஓர் ஆட்டம்கூட ஆடாமல் நேராக லீக்கில் நுழைகிறார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

2024 ஆகஸ்டில் எட்டு அணிகளோடு தொடங்கிய யூஎஸ்எல் சூப்பர் லீக்கும் அமெரிக்காவில் முதல்நிலை லீக்தான். குளிர்கால இடைவேளை முடிந்து சீசனின் இரண்டாம் பாதி தொடங்கும் நேரமும் கல்லூரி முடிந்தவர்களுக்கு வசதி. கனடாவில் நார்தர்ன் சூப்பர் லீக் 2025 ஏப்ரலில் ஆறு அணிகளோடு வந்தது.

ஐரோப்பாவில் இங்கிலாந்து, ஸ்பெயின், ஜெர்மனி எல்லாம் இலையுதிர் காலத்தில் தொடங்குபவை. சுவீடன், நார்வே, ஐஸ்லாந்து வசந்தத்தில் தொடங்கும். டிசம்பரில் கல்லூரி சீசனை முடித்த பெண்ணுக்கு இந்த வடக்கு நாடுகளே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. இங்கிலாந்தில் வேலை அனுமதிக்கான புள்ளிகள் சேர்வது புதிதாக வருபவருக்கு மிகக் கடினம். அதில் நாங்கள் நேரம் செலவழிக்கவில்லை.

இன்னும் கல்லூரியில் இருப்பவர்களுக்கு: மே முதல் ஜூலை வரை நடக்கும் யூஎஸ்எல் டபிள்யூ லீக், டபிள்யூபிஎஸ்எல் என்ற கோடைகால மகளிர் லீக்குகள் இரண்டிலும் கல்லூரித் தகுதியை இழக்காமல் ஆடலாம். அதன் இன்னொரு பயன் படி 5-இல் வரும்.

படி 4: மின்னஞ்சல்

பயிற்சியாளருக்கு நேரடியாக, அவர் பெயர் சொல்லி எழுதுங்கள். தலைப்பில் "லெஃப்ட் பேக், இடது கால், பிறந்த வருடம், ஜனவரி முதல் தயார்" என்று இருந்தால் போதும். மெயிலில் ஐந்து வரி, இணைப்பு, கல்லூரிப் பயிற்சியாளரின் எண். அவ்வளவுதான். பெண்ணே எழுத வேண்டும், பெற்றோர் எழுதக்கூடாது. இரண்டாவது வீடியோவோடு 31 மெயில் அனுப்பினாள். ஆறு பதில், இரண்டு வீடியோ அழைப்பு, ஒரு ஒப்பந்தம்.

பணம் கட்டினால் ஐரோப்பிய அணிகளிடம் காட்டுகிறோம் என்று ஒரு நிறுவனம் எங்களிடம் பெருந்தொகை கேட்டது. மறுத்துவிட்டோம். ஏஜென்ட் வேண்டுமென்றால் ஃபிஃபா உரிமம் பெற்றவரா என்று ஃபிஃபா தளத்தில் உள்ள பட்டியலில் தேடிப் பாருங்கள்.

படி 5: காகிதங்கள்

வெளிநாட்டு அணியில் பதிவு செய்ய ஐடிசி என்ற சர்வதேச மாற்றுச் சான்றிதழ் தேவை. இதை நாம் வாங்க முடியாது. புதிய நாட்டின் சங்கம் கேட்கும். அமெரிக்க சாக்கர் சம்மேளனம் கொடுக்கும். கல்லூரி அணிகள் அந்தச் சம்மேளனத்தின் கீழ் வருவதில்லை. அதனால் எங்களிடம் கடைசியாகப் பதிவான கிளப் எது என்று கேட்டார்கள். அவள் கோடையில் ஆடிய அணி அப்போது கைகொடுத்தது.

ஒரு சிக்கல் வந்தது. சின்ன வயதில் கிளப்பில் வீட்டில் கூப்பிடும் பெயரைக் கொடுத்திருந்தோம். பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் அப்பா பெயரும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட நான்கு நாள் போனது. சின்னப் பிள்ளைகளைக் கிளப்பில் சேர்ப்பவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள்.

ஐஸ்லாந்தில் விளையாட்டு வீரர்களுக்கென்றே தனி வதிவிட அனுமதி உண்டு. அது கைக்கு வந்த பிறகே அவள் விமானம் ஏறினாள். ஒப்பந்தத்தில் வீடு, பயணச் செலவு, காயம் பட்டால் யார் பொறுப்பு என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். அவளுக்குக் கிடைக்கும் பணம் கைச்செலவுக்குத்தான் சரியாக இருக்கிறது. மாலையில் சிறுமிகள் அணிக்குப் பயிற்சியும் கொடுக்கிறாள்.

பின்சேர்க்கை 1: மூன்றாம் ஆண்டு படிக்கும் மகளுக்கு ஏஜென்ட் ஒருவர் இன்ஸ்டாகிராமில் எழுதியிருப்பதாக ஓர் அப்பா கேட்டிருந்தார். அவளுக்கு இன்னும் ஒரு சீசன் பாக்கி. தயவுசெய்து வாய்வார்த்தையாகக்கூடச் சரி சொல்ல வேண்டாம். ஆட்டத்துக்காக ஏஜென்ட்டோடு உடன்பாடு செய்தால், கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ-வின் தகுதி போய்விடும். முதலில் கல்லூரியில் விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் கேளுங்கள்.

பின்சேர்க்கை 2: "இந்தியாவுக்கு ஆடலாமே?" என்று பலர் கேட்டீர்கள். தேசிய அணிக்கு இந்திய பாஸ்போர்ட் வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை போதாது. கிளப் ஆட்டம் வேறு. இந்திய மகளிர் லீக்கில் வெளிநாட்டு வீராங்கனைகளும் ஆடுகிறார்கள். மதுரையின் சேது எஃப்சி 2018-19-இல் வென்ற லீக் அது.

பின்சேர்க்கை 3: கோல்கீப்பர்களுக்கு நான் சொன்ன வரிசை பொருந்தாது என்று ஒரு பெண் எழுதியிருந்தார். அவர் சொல்வது சரி. பாய்ந்து தடுப்பதை மட்டும் அடுக்காமல், காலால் ஆடியது, கிராஸைப் பிடித்தது இரண்டையும் முதல் ஒரு நிமிடத்துக்குள் வையுங்கள். முடிந்தால் கோலுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆட்டத்தைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.