கராத்தே பழகுகிறவர்கள் முழங்காலைக் காப்பாற்றும் வழி

கராத்தே மூட்டைத் தேய்த்துவிடும் என்று ஊரில் பயமுறுத்துவார்கள். ஒழுங்காகப் பழகினால் தொடைத் தசை உறுதியாகி மூட்டுக்கு நல்லதுதான். ஆளை விழுத்துவது வேறு: பாதம் திரும்பாமல் உடம்பு மட்டும் திரும்புவது.

மவாஷி கேரியை, அதாவது பக்கவாட்டில் சுழற்றி உதைக்கும் உதையை எடுங்கள். எல்லோருடைய கண்ணும் உதைக்கிற காலில்தான் இருக்கும், நீங்கள் ஊன்றிய காலைக் கவனியுங்கள். முன்பாதத்தில் சுழன்று குதிக்கால் எதிராளியின் பக்கம் வரவேண்டும். பாடசாலை மண்டபத்துச் சீமெந்து நிலத்தில் வியர்த்த வெறுங்கால் ஒட்டிக்கொண்டால் அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்குள் போய் சவ்வையும் (மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ்), ஏ.சி.எல் தசைநாரையும் (தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள் கட்டிவைப்பது) பிடிக்கும். ஆகவே முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு, உதைக்காமல் சுழற்சியை மட்டும் மெதுவாகப் பழகுங்கள். அலுக்கும், பரவாயில்லை.

காற்றில் உதைக்கும்போது காலை முழுக்க நீட்டி 'டக்'கென்று பூட்டாதீர்கள். காலை அகட்டி முழங்காலை மடித்து நிற்கும் குதிரை நிலையில் முழங்கால் உள்ளே சாய்ந்தால் அளவுக்கு மீறித் தாழ்ந்துவிட்டீர்கள், கொஞ்சம் எழும்புங்கள். குந்தியபடியே நடக்கும் வாத்து நடையைத் தண்டனையாகக் கொடுக்கிற மாஸ்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். முழங்கால் ஏற்கெனவே நோகிறவர்கள் மரியாதையாக மறுத்துவிடலாம். சின்னப் பிள்ளைகள் சீமெந்தில் கை விரல் மொழிகளை ஊன்றித் தண்டால் எடுப்பதும் வேண்டாம், எலும்பு இன்னும் வளர்கிற வயது.

அடிபட்டால் வீக்கம் எப்போது வந்தது என்று பாருங்கள், வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான். 'டொக்'கென்று சத்தம் கேட்டு, ஓரிரு மணித்தியாலத்துக்குள் பந்தாக வீங்கினால் உள்ளே இரத்தம் கசிகிறது, ஏ.சி.எல் அறுந்திருக்கலாம். மறுநாள் மெல்ல வீங்கினால் சவ்வாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய் போட்டு உருவ விடாதீர்கள், அம்மம்மா எவ்வளவு சொன்னாலும் சரி. துணியில் சுற்றிய ஐஸ் 15–20 நிமிடம் வைத்து, காலை உயர்த்தி வையுங்கள். ஊன்ற முடியவில்லை, அல்லது மடங்கிய கால் நீட்ட வராமல் இறுகிவிட்டது என்றால் அன்றைக்கே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.

அப்புறம் அவசரப்படக் கூடாது. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் இல்லை, கெட்டால் தானாகச் சரிவர ஆறாது. ஏ.சி.எல் அறுந்த பலருக்கு 10–20 வருடத்தில் மூட்டுத் தேய்வு வருகிறது. சத்திரசிகிச்சை செய்தாலும் 9 மாதத்துக்கு முன் சண்டைப் பயிற்சிக்கு இறங்காதீர்கள். ஒற்றைக் காலில் கதிரையிலிருந்து எழும்பிப் பாருங்கள். இரண்டு காலும் ஒரே மாதிரி எழும்பாவிட்டால் இன்னும் நேரமிருக்கிறது.

அதுவரை சைக்கிள் நல்லது, ஆனால் சீட்டை உயர்த்துங்கள். பெடல் அடியில் நிற்கும்போது முழங்கால் கொஞ்சம்தான் மடிந்திருக்க வேண்டும்.