கவகவா கஷாயமும் மானுகா ஆவியும்: குளிர்காலத்துக்கு மாவோரிக் கைவைத்தியம்

நியூசிலாந்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். வீட்டுக்கு வீடு இருமல் சத்தம் கேட்கும். ஓடியாடாமல் உள்ளேயே அடைந்து கிடப்பதால் வயிறும் மந்தமாகிவிடும். இந்நாட்டின் பழங்குடிகளான மாவோரி மக்களிடம் இதற்கு ரொங்கோவா என்ற பழைய வைத்தியமுறை இருக்கிறது. மூலிகை, உருவிவிடுதல், வேண்டுதல் எல்லாம் சேர்ந்தது அது. முழுதாகக் கற்க ஒரு ஆயுள் வேண்டும். அதில் வீட்டு அடுப்படியில் செய்துகொள்ளக்கூடிய சிறு பகுதியை மட்டும் இங்கே எழுதுகிறேன். ஹாமில்டனில் எங்கள் பக்கத்து வீட்டு ஃபயா சொல்லித்தந்தது இது. மூத்த பெண்களை இங்கே ஃபயா என்றுதான் கூப்பிடுவோம்.

கொதிக்கவைப்பதும் வடிகட்டுவதும் உங்களுக்குத் தெரியும். அதனால் அதை இரண்டு வரியில் முடித்துவிட்டு, செடியை அடையாளம் காண்பதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். நான் அதிக நாள் நின்றுபோனது அந்த இடத்தில்தான்.

படி 1: கேட்பது

முதல் வேலை, தெரிந்த ஒருவரிடம் போய்க் கேட்பது. பக்கத்து வீட்டார், கூட வேலை செய்பவர், பிள்ளையின் பள்ளியில் பழக்கமானவர் என்று யாராவது ஒரு மாவோரிப் பெரியவர் இருப்பார். "எனக்குக் காட்டித் தருவீர்களா?" என்று கேளுங்கள். சிலர் உடனே சொல்லமாட்டார்கள். 1907இல் டொஹுங்கா எனப்படும் மாவோரி வைத்தியர்களை ஒடுக்கத் தனிச் சட்டமே போட்டார்கள். 1962இல்தான் அதை நீக்கினார்கள். அரசாங்கமே குற்றம் என்று சொன்ன காலத்திலும் பாட்டிமார் வீட்டுக்குள் காப்பாற்றி வைத்த அறிவு இது. கேட்டவுடன் கொட்டிக் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஃபயாவும் முதலில் கஷாயத்தைத்தான் கொடுத்தார். செடியைக் காட்டியது வெகுநாள் கழித்துத்தான்.

யாரும் கிடைக்கவில்லையென்றால் உள்ளூர்ச் செடிகள் விற்கும் நர்சரியில் பெயர் சொல்லி வாங்கி நடுங்கள். படத்தைப் பார்த்துக் காட்டில் பறிக்கப் போகவேண்டாம்.

படி 2: கவகவாவை அடையாளம் காண்பது

வெற்றிலை தெரிந்தவர்களுக்குக் கவகவா பாதி தெரிந்த மாதிரிதான். மிளகும் வெற்றிலையும் சேர்ந்த பைப்பர் இனத்தைச் சேர்ந்தது இது. தாவரவியல் பெயர் பைப்பர் எக்செல்சம். நம்முடையது கொடி. இது மரநிழலில் வளரும் குற்றுச்செடி. பார்க்கவேண்டியவை:

- தண்டு கருமையாக, கணுக்கணுவாகப் புடைத்திருக்கும். ஒவ்வொரு கணுவிலும் சற்றே திசைமாறி வளைந்து வளைந்து போகும்.
- இலை இதய வடிவம். காம்பு சேரும் இடத்திலிருந்து நரம்புகள் விரல் விரித்தாற்போல் பிரியும். கணுவுக்கு ஒரு இலைதான்.
- கசக்கி முகர்ந்தால் மிளகு வாசம். நுனிநாக்கில் ஒரு துளி வைத்தால் காரமும் லேசான மரமரப்பும்.
- இலை முழுக்க ஓட்டை.

ஓட்டையைப் பார்த்துப் பூச்சி அரித்த இலை என்று ஒதுக்கத் தோன்றும். இங்கே அந்த இலைதான் வேண்டும். ஒரு அந்துப்பூச்சியின் புழு இரவில் வந்து தின்றுவிட்டுப் போகிறது. புழு தேடித் தின்ற இலையில்தான் மருந்து அதிகம் என்பது மாவோரிப் பெரியவர்களின் அனுபவம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சல்லடையாகத் தெரியும் இலையை ஃபயா தேர்ந்தெடுத்துக் கூடையில் போடுவார். பளபளவென்று முழுசாக இருக்கும் இலையைத் தொடமாட்டார். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துப் புழு இருந்தால் தட்டிவிடுங்கள்.

என்னைக் குழப்பியது வேறு ஒரு செடி. நகரத்துத் தோட்டங்களில் அழகுக்காக நடுகிற பெரிய இலைக் கவகவா ஒன்று உண்டு. திரீ கிங்ஸ் தீவுகளிலிருந்து வந்த பைப்பர் மெல்கியோர். இலை உள்ளங்கையைவிடப் பெரிது, எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும். உறவுக்காரச் செடிதான் என்றாலும் ஃபயா கஷாயத்துக்குப் பறிக்கும் கவகவா அது இல்லை. நர்சரியில் வாங்கும்போது சீட்டில் எக்செல்சம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

படி 3: பறிப்பது

டிகாங்கா எனப்படும் ஒழுங்குமுறை இங்கேதான் வருகிறது. ஊருக்கு ஊர், குலத்துக்குக் குலம் மாறும். எனக்குச் சொல்லித்தந்த முறையைச் சொல்கிறேன்.

பறிக்குமுன் கரகியா, அதாவது ஒரு சிறு வேண்டுதல். காடும் அதில் உள்ளவையும் காட்டுத் தெய்வமான டானே மஹுட்டாவின் பிள்ளைகள் என்பதால் அவரிடம் கேட்டுத்தான் எடுக்கவேண்டும். மாவோரி மொழி தெரியாத நான் என்ன சொல்வது என்று கேட்டேன். "யாருக்காக, எதற்காக எடுக்கிறாய் என்று உன் மொழியில் சொல். அது போதும்" என்றார். அதன்பிறகு தமிழில்தான் சொல்கிறேன்.

வெயில் படும் கிழக்குப் பக்கத்து இலை. மழையில் பறிப்பதில்லை, இருட்டியபின் பறிப்பதில்லை. கொழுந்தைக் கிள்ளுவதில்லை. ஒரே செடியை மொட்டையடிப்பதில்லை. இன்றைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். கவகவா வருஷம் முழுக்கப் பசுமையாக இருப்பதால் சேர்த்துவைக்கத் தேவையே இல்லை.

இடம் முக்கியம். அரசின் பாதுகாப்புக் காடுகளில் அனுமதி இல்லாமல் இலை பறிப்பது சட்டப்படி தவறு. சாலையோரச் செடிக்குக் களைக்கொல்லி அடித்திருப்பார்கள். வடக்கே கௌரி மரக்காடுகளுக்குப் போனால், வாசலில் வைத்திருக்கும் இடத்தில் காலணியைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் நுழையவேண்டும். மண்ணோடு பரவும் நோய் ஒன்று அந்த மரங்களைக் கொன்றுகொண்டிருக்கிறது.

படி 4: காய்ச்சுவது

1 லிட்டர் தண்ணீர், நடுத்தர அளவில் 4 அல்லது 5 இலை. கழுவி, கையால் கிழித்துப் போடுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடிவைத்து 10 நிமிடம். வடிகட்டுங்கள், முடிந்தது. நம் ஊர்க் கஷாயம்போல நாலில் ஒன்றாக வற்றவிடக் கூடாது. கசப்பேறிவிடும், வீரியமும் கூடிவிடும்.

பாத்திரம் எவர்சில்வரோ சில்லுப்போகாத எனாமலோ. அலுமினியத்தில் நான் எந்தக் கஷாயமும் வைப்பதில்லை. இரண்டு பாத்திரம் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்: குடிக்கக் காய்ச்சுவது ஒன்று, ஆவி பிடிக்க, கால் ஊறவைக்க, மேலுக்குப் பூச ஒன்று. உடம்பு சம்பந்தப்பட்டது டாபு, அதாவது புனிதமென்று விலக்கி வைக்கவேண்டியது. அதைச் சாப்பாட்டோடு கலக்கக் கூடாது. மாவோரி வீடுகளில் சமையலறைத் துண்டைத் துணிமணியோடு சேர்த்துத் துவைக்கமாட்டார்கள், சாப்பாட்டு மேசைமேல் உட்காரமாட்டார்கள். அதே ஒழுங்குதான் இங்கும்.

வடித்த சக்கையைக் குப்பைத்தொட்டியில் போடவேண்டாம். செடியடியில் மண்ணிலேயே போட்டுவிடுங்கள்.

படி 5: குடிப்பது

வயிற்று உப்புசம், சாப்பாடு செரிக்காமல் மேலே எதுக்களிப்பது, சளிபிடித்து உடம்பெல்லாம் கனப்பது, இதற்கெல்லாம் பெரியவர்களுக்கு அரை டம்ளர், வெதுவெதுப்பாக, காலையிலும் மாலையிலும். இரண்டு மூன்று நாளோடு நிறுத்திவிடுவேன். தண்ணீருக்குப் பதிலாகத் தினமும் குடிக்கும் பானம் இல்லை இது. தேன் கலந்தால் நன்றாக இருக்கும். 1 வயது நிரம்பாத குழந்தைக்கு எந்தத் தேனும், மானுகா தேனே ஆனாலும், கொடுக்கக் கூடாது. பாட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம்.

வயிற்றுப்போக்குக்குக் கொரோமிகோ, அதற்குமுன் டூட்டு

கொரோமிகோ மெலிந்த நீள இலையும் வெள்ளை அல்லது இளஊதாப் பூங்கதிரும் உள்ள செடி. வயிற்றுப்போக்குக்கு அதன் கொழுந்து ஒன்றிரண்டை மென்று சாற்றை விழுங்குவார்கள். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டில் இருந்த நியூசிலாந்துப் படையினருக்குச் சீதபேதிக்காக உலர்ந்த கொரோமிகோ இலையை இங்கிருந்து அனுப்பியிருக்கிறார்கள்.

இதைப் பறிக்கப் போகுமுன் டூட்டுவைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்நாட்டின் மிகக் கொடிய நச்சுச்செடிகளில் அது ஒன்று. அதிலுள்ள டூட்டின் என்ற நஞ்சு வலிப்பை உண்டாக்கும். 2008இல் கோரமண்டல் பகுதித் தேன் சாப்பிட்டுப் பலர் நோயில் விழுந்தார்கள். டூட்டுச் செடியில் சாறு குடித்த பூச்சிகள் கசியவிட்ட இனிப்பைத் தேனீக்கள் எடுத்திருந்ததுதான் காரணம். செடியைத் தொடாதவர்களுக்கே இந்த நிலை. கொரோமிகோவுக்கும் டூட்டுவுக்கும் இலைகள் எதிரெதிர் ஜோடியாகத்தான் வரும். அதனால்தான் புதிதாகப் போகிறவர் தடுமாறுவார். கொரோமிகோ இலை ஒடுக்கமானது, நடுவில் ஒரே நரம்பு எடுப்பாகத் தெரியும். டூட்டு இலை அகன்று முட்டைவடிவில் இருக்கும், அடியிலிருந்து சில நரம்புகள் நுனி நோக்கி வளைந்து ஓடும், கருஊதாப் பழம் சரம்சரமாகத் தொங்கும். துளிகூடச் சந்தேகம் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். நர்சரியில் வாங்கி நட்ட செடியைத் தவிர வேறெங்கும் நான் கொரோமிகோ பறிப்பதில்லை.

மூக்கடைப்புக்கு மானுகா ஆவி

நொச்சி போட்டு ஆவி பிடித்த கை இது, விளக்கவேண்டியதில்லை. மானுகா இந்நாட்டுப் புதர்ச்செடி. அதன் சிறு கிளைகள் ஒரு பிடி, கொதித்த தண்ணீர், தலைக்குமேல் துண்டு. மானுகாவா, அதைப்போலவே இருக்கும் கானுகாவா என்று தெரிய, கிளையை மூடிய கையால் பிடித்துப் பாருங்கள். குத்தினால் மானுகா, மெத்தென்று இருந்தால் கானுகா. இலைமேல் மஞ்சள்பொடி தூவினாற்போல் இருந்தால் தொடாதீர்கள். 2017இல் இங்கே நுழைந்த மர்ட்டில் ரஸ்ட் என்ற பூஞ்சை நோயாக இருக்கலாம். படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) இணையதளத்தில் பதியுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கொதிநீர்ப் பாத்திரம் வைத்து ஆவி பிடிக்கவே வேண்டாம். சூடுபட்டால் சளியைவிடப் பெரிய துன்பம்.

நெஞ்சுச் சளிக்கு நார்த்லாந்து, ஆக்லாந்துப் பக்கம் கூமாரஹோ இலையைக் காய்ச்சிக் குடிப்பார்கள். பயங்கரக் கசப்பு. பூவைத் தண்ணீரில் தேய்த்தால் நுரை வரும். மண்ணில் புதைந்த கௌரி மரப் பிசினைத் தோண்டியெடுத்தவர்கள் அதைச் சோப்பாகவே பயன்படுத்தினார்கள்.

உணவு

உடம்பு தேறும்போது ஃபயா வீட்டிலிருந்து வருவது பாயில்-அப். பன்றியெலும்பை நேரமெடுத்து வேகவைத்து, கூமாரா என்ற சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பூஹாக் கீரையும் போட்ட சாறு. பூஹாவை ஓடும் தண்ணீரில் இரண்டு கையாலும் துணி கசக்குவதுபோல் கசக்கவேண்டும். பச்சையாக நுரைத்துக்கொண்டு கசப்பு இறங்கும். இதைச் செய்யாமல் போட்டால் குழம்பு வாயில் வைக்கமுடியாது. பூஹா கிடைக்காதபோது ஓடையில் வளரும் வாட்டர்கிரெஸ் கீரை போடுவார்கள். மாடு மேயும் நிலத்து ஓடையில் வளர்ந்ததைப் பச்சையாகத் தின்னாதீர்கள்.

இலையைக் கீழே வைக்கவேண்டிய நேரம்

பிள்ளைக்குத் தொண்டைவலி என்றால் கஷாயம் வைத்து வேடிக்கை பார்க்காதீர்கள். ஸ்ட்ரெப் கிருமியாக இருந்து கவனிக்காமல் விட்டால் ருமாட்டிக் காய்ச்சலாகி இதய வால்வையே கெடுத்துவிடும். இந்நாட்டில் அது அதிகம் தாக்குவது 4 முதல் 19 வயதுக்குட்பட்ட மாவோரி, பசிபிக் தீவுப் பிள்ளைகளை. தொண்டையில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துப் பார்த்து மருந்து கொடுத்தால் தடுத்துவிடலாம். 14 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெரும்பாலான கிளினிக்குகளில் கட்டணம் இல்லை. இதில் ஃபயா என்னைவிடக் கண்டிப்பு. தன் பேரப்பிள்ளைகள் தொண்டை வலிக்கிறது என்று சொன்ன அன்றே நர்ஸிடம் கூட்டிப்போய்விடுவார்.

மூச்சுத்திணறல், மலத்தில் ரத்தம், தண்ணீர்கூட நிற்காத வாந்தி, இறங்காத காய்ச்சல், கைக்குழந்தைக்கு வரும் எந்தக் காய்ச்சலும் இதே கணக்குத்தான். 0800 611 116 ஹெல்த்லைன், இரவுபகல் எந்நேரமும் இலவசம். தவறான இலையைத் தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் 0800 764 766, தேசிய நச்சு மையம்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

டனீடினில் இருக்கும் ஒருவர் எங்கு தேடியும் கவகவா இல்லை என்று எழுதியிருந்தார். தென்தீவின் கிழக்குக் கரையில் பேங்க்ஸ் தீபகற்பத்துக்குத் தெற்கே அது இயல்பாக வளர்வதில்லை. தொட்டியில் வைத்து உறைபனி படாமல் காப்பாற்றலாம். அந்தப் பக்கத்துச் செடி ஹோரோபிடோ. இலையில் சிவப்புப் புள்ளிகள். கடித்தால் சில நொடி ஒன்றும் தெரியாது, பிறகு காரம் ஏறும். வயிற்றுவலிக்குப் பழைய மருந்து. காயவைத்துப் பொடித்து, மிளகுபோல ஒரு சிட்டிகை சாப்பாட்டில் தூவினால் போதும்.

தோட்டத்து ஹீபியும் கொரோமிகோவும் ஒன்றா என்று இருவர் கேட்டார்கள். ஒரே வகையறாதான், ஆனால் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் பூ அழகுக்காகக் கலந்து உருவாக்கியவை. அவற்றை மெல்லவேண்டாம்.

கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் கவகவா உள்பட இதில் எதையும் குடிக்கவேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க, சர்க்கரைக்கு, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் இலையின் பெயரை மருந்துக்கடைப் பார்மசிஸ்ட்டிடம் சொல்லிக் கேட்டபிறகு தொடங்குங்கள்.

காயவைத்துப் பொட்டலம் போட்டு ஊருக்கு அனுப்பி விற்கலாமா என்று ஒரு கேள்வி வந்தது. செய்யாதீர்கள். தங்கள் செடிகள்மீதும் அவை பற்றிய அறிவின்மீதும் தங்களுக்குள்ள உரிமையைக் கேட்டு 1991இல் மாவோரித் தரப்பினர், மாவோரி மக்களின் முறையீடுகளை விசாரிக்கும் வைடாங்கி தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். வாய் 262 என்று அந்த வழக்கைச் சொல்வார்கள். தீர்ப்பாயத்தின் அறிக்கை வந்தது 2011இல். 20 வருஷம் அவர்கள் காத்துநின்று கேட்டதை நாம் பொட்டலம் கட்டி விற்கக் கூடாது. செடி வேண்டுமானால் வாங்கி நடுங்கள். கஷாயம் வேண்டுமானால் காய்ச்சிப் பக்கத்து வீட்டுக்கும் ஒரு டம்ளர் கொடுங்கள்.