ஸ்ட்ரைக்கரா இருந்து கோச் ஆகப் போறீங்களா? அலி டாயி போன பாதையை ஒரு தடவை பாத்துட்டுப் போங்க

கோலாலம்பூர் செந்தூல்ல எங்க திடல்ல சனிக்கிழமை பந்து ஆடுறவங்கள்ல யாராவது ஒருத்தர் அடிக்கடி என்கிட்ட வந்து, அண்ணே முட்டி போயிடுச்சு, முன்ன மாதிரி ஓட முடியல, நம்ம தாமான் (குடியிருப்பு) பிள்ளைங்களுக்கு கோச்சா போலாம்னு இருக்கேன், எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேப்பாங்க. கேக்குறவங்கள்ல முக்கால்வாசி பேர் ஸ்ட்ரைக்கர், முன்னால நின்னு கோல் அடிக்கிறவங்க. அவங்ககிட்ட நான் முதல்ல பேசுறது ஈரானோட அலி டாயி பத்தி தான். கோல் அடிக்கிறதுல உச்சிக்குப் போனவர், கோச்சா வந்து அடியும் வாங்கினவர், மறுபடி எழுந்தவர். நமக்குத் தேவையானது எல்லாம் அந்த ஒரு ஆளோட வாழ்க்கையிலயே இருக்கு.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். 1969ல அர்தபீல்ங்கிற ஊர்ல பிறந்தவர், தெஹ்ரான்ல ஷரீஃப் யுனிவர்சிட்டில உலோக இன்ஜினியரிங் படிச்சவர், 28 வயசுல தான் ஜெர்மனிக்கே ஆடப் போனார். பீலஃபெல்ட், பாயர்ன் மியூனிக், ஹெர்த்தா பெர்லின். 1999ல சாம்பியன்ஸ் லீக்ல ஹெர்த்தா செல்சியை 2-1ல ஜெயிச்சப்ப ரெண்டு கோலும் அவரோடது. ஈரானுக்கு நூறு கோலுக்கு மேல, 2021 செப்டம்பர்ல ரொனால்டோ தாண்டுற வரைக்கும் தன் நாட்டுக்கு அவ்வளவு கோல் போட்ட ஆம்பளை உலகத்துலயே வேற யாரும் இல்ல.

ஆனா கோச் ஆகப் போறவங்க அவர் கோலைப் பாக்க வேணாம், ஒரு பாஸைப் பாருங்க. 1997 நவம்பர் 16, ஜோகூர் பாரு லார்க்கின் ஸ்டேடியத்துல ஈரானும் ஜப்பானும் உலகக் கிண்ணத்துக்குப் போக மோதினாங்க, நான் அப்ப சின்னப் பையன், சித்தப்பா வீட்டுத் தரையில உக்காந்து டிவில பாத்தேன், 59வது நிமிஷம் டாயி தலையால ஒண்ணு போட்டு ஈரான் 2-1ன்னு முன்னுக்கு வந்துச்சு, கடைசியில ஜப்பான் சமன் பண்ணி 118வது நிமிஷம் கோல்டன் கோல் (கூடுதல் நேரத்துல முதல்ல போடுற கோல், அதோட ஆட்டம் முடிஞ்சிடும்) அடிச்சு ஜெயிச்சிட்டாங்க. மனசு விட்டுப் போச்சு எனக்கு. ரெண்டு வாரத்துல மெல்பர்ன்ல ஆஸ்திரேலியாவை எதிர்த்து ஈரானுக்குக் கடைசி வாய்ப்பு. 0-2 பின்னாடி இருந்து ஈரான் ஒண்ணு போட்டுட்டாங்க, இன்னொண்ணு வேணும். அப்ப டாயி கால்ல பந்து. அவரே இழுத்துக்கிட்டு ஓடல. கூட ஆடுற அசீசி ஓடுறதைப் பாத்து டிஃபன்ஸுக்கு நடுவுல தள்ளி விட்டார், அசீசி போட்டார், 2-2, தெஹ்ரான்ல நடந்த முதல் ஆட்டமும் சமன் தான், வெளியூர்ல போட்ட கோல் கணக்குல ஈரான் பிரான்ஸ் போச்சு. ஒரு நாட்டையே உலகக் கிண்ணத்துக்குக் கூட்டிட்டுப் போன அந்த கோல்ல டாயியோட வேலை பாஸ் கொடுத்தது. கோச் வேலை முழுக்க அந்த பாஸ் தான், பந்து இனிமே உங்க கால்ல இருக்காது, அடுத்தவன் தான் அடிக்கணும்.

இதை முதல் வாரமே பிள்ளைங்க கிட்ட கொண்டு வாங்க. சின்ன கோல் வச்சு நாலுக்கு நாலு ஆட விடுங்க, கோல் போட்டா ஒரு பாயிண்ட், கோலுக்கு பாஸ் கொடுத்தவனுக்கு ரெண்டு பாயிண்ட். நல்லா அடிக்கிற பையன் முதல் பத்து நிமிஷம் கோவப்படுவான், விடுங்க, கத்தாதீங்க. அப்புறம் அவனே தலையைத் தூக்கிப் பாக்க ஆரம்பிப்பான்.

அடுத்தது, சின்ன டீம்ல ஆரம்பிக்கணும். டாயி கோச்சா தொடங்கினது சைப்பாங்கிற கார் கம்பெனி டீம்ல, அதுவும் ஆடிக்கிட்டே கோச். 2006ல அங்க இருந்த ஜெர்மன் கோச் பாதியில போனதும் பொறுப்பு இவர் கைக்கு வந்துச்சு, 2007 மே மாசம் சைப்பா ஈரான் லீக் சாம்பியன். அன்னைக்கே ஆட்டத்துல இருந்து ஓய்வுன்னு சொல்லிட்டார், அப்ப 38 வயசு. நீங்களும் அப்படி ஒரு சீசன் ஆடிக்கிட்டே கோச் பண்ணிப் பாருங்க, சோசியல் லீக் டீம்ல கூட போதும். உள்ள நின்னு ஆடும்போது யார் மூச்சு வாங்குறான், யார் பந்தைக் கேக்கப் பயப்படுறான்னு கிட்ட இருந்து தெரியும்.

அதுக்கு அப்புறம் நடந்ததை கவனமா கேளுங்க, ஏன்னா நம்ம ஆளுங்க விழுறது இங்க தான். ஒரே வருஷத்துல, 2008 மார்ச்ல, அவரை ஈரான் தேசிய டீமுக்கே கோச் ஆக்கிட்டாங்க. 2009 மார்ச் 28, தெஹ்ரான் ஆசாதி ஸ்டேடியம், சவூதியோட உலகக் கிண்ணத் தகுதி ஆட்டம், 1-0ன்னு முன்னாடி இருந்து கடைசி நேரத்துல 1-2ன்னு தோத்தாங்க, உடனே வேலை போச்சு. அவர் போட்ட கோல்ல ஒண்ணு கூட அன்னைக்கு அவரைக் காப்பாத்தல. எனக்கும் முதல் டீம் கிடைச்சப்ப ஆறு மாசத்துல பெரிய பசங்க டீமைக் கேட்டு வாங்கினேன், மூணு ஆட்டம் வரிசையா தோத்ததும் எடுத்துட்டாங்க, ரொம்ப வலிச்சது. பெரிய நாற்காலி கூப்பிட்டா ரெண்டு சீசன் முடிச்சுட்டு வர்றேன்னு சொல்லுங்க. நம்ம மலேசியா கோச்சா இருந்த கே.ராஜகோபாலைப் பாருங்க, 2009ல 23 வயசுக்குக் கீழ உள்ள பசங்களை வச்சு சீ கேம்ஸ் (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி) தங்கம், அந்தப் பசங்கள்ல நிறைய பேரோட தான் 2010 டிசம்பர்ல இந்தோனேசியாவை ஜெயிச்சு தென்கிழக்காசிய நாடுகளோட சுசுகி கிண்ணம். பசங்களோட கூடவே வளந்து வந்தார்.

டாயியும் அதோட உக்காந்துடல. தெஹ்ரான்ல உள்ள பெர்செபோலிஸ் டீம் கோச்சா 2010, 2011 ரெண்டு வருஷமும் ஹஸ்ஃபி கிண்ணம் (ஈரான் டீம்களோட நாக்-அவுட் கிண்ணம்), 2017ல காசுக்கே கஷ்டப்பட்ட நஃப்ட் தெஹ்ரான் டீமை வச்சு மறுபடி அதே கிண்ணம். எனக்கு அந்த 2017 தான் அவரோட பெரிய சாதனைன்னு தோணும்.

லைசன்ஸ் விசயம் சீக்கிரம் சொல்லிடுறேன். எஃப்.ஏ.எம் (மலேசிய காற்பந்து சங்கம்) கொடுக்கிற டி லைசன்ஸ்ல தொடங்கி ஏ.எஃப்.சி (ஆசிய காற்பந்து சம்மேளனம்) சி, பி, ஏ, அப்புறம் ப்ரோ. எவ்வளவு நல்லா ஆடியிருந்தாலும் டி போட்டுடுங்க, பிள்ளைங்க அடிபட்டா என்ன பண்றதுன்னாவது தெரியணும்.

இப்ப எல்லா ஸ்ட்ரைக்கருக்கும் கஷ்டமான வேலை, உடம்பு தானா செஞ்சதை வாயால சொல்லிக் கொடுக்கிறது. ஹெட்டிங்கையே, அதான் பந்தைத் தலையால அடிக்கிறதையே, எடுத்துக்கோங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு வேண்டவே வேணாம், இங்கிலாந்துலயே 2020ல இருந்து பிரைமரி வயசுப் பிள்ளைங்களுக்கு பயிற்சியில ஹெட்டிங் கிடையாது. பெரியவங்களுக்கும் லேசான பந்து, ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை, மழையில நனைஞ்சு கனத்த பந்தை எடுக்கவே கூடாது. பந்தை வலைப்பையில போட்டு கோல் கம்பத்துல கட்டித் தொங்க விடுங்க, நெத்தி உயரத்துக்கு. எங்ககிட்ட ஒரு பொண்ணு இருக்கு, 14 வயசு, நல்லா குதிக்கும், பந்து கிட்ட வந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கும், பந்து உச்சந்தலையில பட்டு மேல போயிடும். கண்ணைத் திற கண்ணைத் திறன்னு ஒரு மாசம் சொன்னேன், வேலைக்கு ஆகல. அப்புறம் மார்க்கர் பேனாவால பந்துல நாலு பக்கம் நாலு நம்பர் எழுதி, லேசா ஆட்டி விட்டு, எந்த நம்பர்ல பட்டுச்சுன்னு சொல்லுன்னேன். முதல்ல தெரியலன்னுச்சு. நாலாவது தடவை மூணுன்னுச்சு, கழுத்து விறைப்பா, வாய் மூடி, நெத்தி நேரா பட்டிருந்தது, பந்து கீழ பாத்துப் போச்சு. கழுத்து, நெத்தின்னு நான் ஒரு வார்த்தை சொல்லல.

அந்த மாதிரி எது வேலை செஞ்சது எது செய்யலன்னு வீட்டுக்குப் போறதுக்குள்ள எழுதிடுங்க. ரெண்டு வெள்ளி பள்ளிக்கூட நோட்டு போதும், ஆளுக்கு ஒரு பக்கம். கடைசிப் பிள்ளையை அப்பா வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் எப்படியும் திடல்ல தான் இருக்கணும், பயிற்சிக்கு வச்ச கோனை எல்லாம் அடுக்கி வச்சுட்டு அந்த நேரத்துல எழுதுங்க.