குடியிருப்போர் நலச் சங்கம் எல்லோருக்கும் உரியதாக அமைய

குடிநீருக்காகவோ குப்பைக்காகவோ தொடங்கப்படும் தெருச் சங்கம், தெருவில் வாழும் அனைவருக்கும் பயன்படுமா என்பது பெரும்பாலும் அதன் துணை விதிகளை எழுதும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி, குறைந்தது 7 பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் சங்கத்தைப் பதிவு செய்யலாம். உறுப்பினர் தகுதி பற்றிய விதியில் 'வீட்டு உரிமையாளர்' என்று எழுதினால் வாடகைக்கு இருப்போர் வெளியே நிற்பார்கள்; 'இத்தெருவில் குடியிருக்கும் வயது வந்த எவரும்' என்று எழுதுவதே சரி. பின்னர் திருத்த வேண்டுமானால் சிறப்புத் தீர்மானம், தாக்கல் என்று அலைய நேரும்.

கூட்டத்தை மொட்டை மாடியில் நடத்தும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். முழங்கால் வலியுள்ள மூதாட்டியும் சக்கர நாற்காலியில் இருப்பவரும் மூன்று மாடி ஏறி வரமாட்டார்கள். வராதவர்களுக்குக் குறையே இல்லை என்று நாமும் எண்ணிக்கொள்வோம். தரைத்தளத்தில், வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்களும் வரக்கூடிய நேரத்தில் கூடுங்கள். வாட்ஸ்அப்பில் அறிவித்தால் போதாது, ஒரு தாளில் எழுதித் தெருமுனைக் கடையிலும் ஒட்ட வேண்டும்.

அடுத்த வேலை, தெருவை இருமுறை நடந்து பார்ப்பது: ஒருமுறை பகலில், ஒருமுறை இரவு எட்டு மணிக்குமேல். நிர்வாகிகள் மட்டும் நடந்தால் பயனில்லை. பார்வைக் குறைபாடு உள்ள ஒருவர், வேலை முடிந்து தனியே திரும்பும் ஒரு பெண், இரவுக் காவலாளி ஆகியோர் உடன் வரட்டும். எந்த இடத்தில் நடையை விரைவுபடுத்துகிறார்கள், எங்கே நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்குகிறார்கள் என்பதை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். எரியாத விளக்கைக் குறிக்கும்போது கம்பத்தில் எழுதியுள்ள எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். 'கோயில் பக்கத்து விளக்கு' என்று எழுதிய மனுவைவிட எண்ணுள்ள மனுவுக்கு ஊழியர் விரைவில் வந்து சேருவார்.

படிக்குப் பதிலாகச் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். இருசக்கர வண்டியை ஏற்றுவதற்காக வாசலில் போட்ட சிமெண்ட் சரிவைக் காட்டி, எங்களிடம் சாய்தளம் உண்டு என்பார்கள். அத்தகைய செங்குத்தான சரிவில் சக்கர நாற்காலி பின்பக்கம் கவிழ்ந்துவிடக்கூடும். ஏற்கப்பட்ட கணக்கு 1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் ஆகும்: 15 செ.மீ. உயரமுள்ள ஒரு படிக்கு 180 செ.மீ. நீளமும், அதே அளவில் இரண்டு படிகள் இருந்தால் 360 செ.மீ. நீளமும் தேவை. அகலம் 120 செ.மீ.க்குக் குறையக்கூடாது. இருபுறமும் கைப்பிடி வேண்டும், வழுக்கும் ஓடு பதிக்கக்கூடாது. மழைநீர் வடிகாலை அடைத்துத் தெருவுக்குள் நீட்டினால் இன்னொருவரின் வழி அடைபடும் என்பதால், சாய்தளத்தைச் சுற்றுச்சுவருக்குள்ளேயே திருப்பிக் கட்டுங்கள்.

பொதுக்கட்டடம் அல்லது நடைபாதை தொடர்பான குறையாயின், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ஐக் குறிப்பிட்டு, ஒரு மனுவில் ஒரே குறையை எழுதி, ஒப்புகைச் சீட்டுப் பெற வேண்டும். சென்னை மாநகராட்சிக்குள் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். மாமன்ற உறுப்பினர் தலைமையில் அப்பகுதி மக்கள் கூடும் பகுதி சபையில், குறையால் அல்லல்படுபவரே எழுந்து பேசுவது நல்லது. பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் மனுவின் நிலையைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் தகவல் தர வேண்டும்.

கண்காணிப்புக் கேமரா வாங்குவதற்கு முன், அது எவர் வீட்டு வாசலையும் சன்னலையும் நோக்காதவாறு இடம் தேர்ந்து, பதிவை யார் பார்க்கலாம் என்பதைத் தீர்மானமாக எழுதுங்கள். அந்நியர் நடமாட்டம் என்ற பெயரில் வீட்டுவேலை செய்வோரையும் பொருள் கொண்டுவருவோரையும் மட்டும் நிறுத்திப் பையைச் சோதிப்பது பாதுகாப்பு ஆகாது. அவர்களுக்குத் தனி மின்தூக்கி என்பதும் அப்படித்தான்.

இறுதியாக ஓர் அறிவிப்புப் பலகை வையுங்கள்: அவசர உதவி 112, பெண்கள் 181, குழந்தைகள் 1098, முதியோர் 14567. எழுத்து பெரிதாகவும், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே படிக்கும் உயரத்திலும் இருக்கட்டும்.