பழைய கூரை: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

கூரை ஒழுகினால் சிலர் மேலே வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். வேறு சிலர் மொத்தமாக இடிக்க வேண்டியதுதான் என்று பயந்துவிடுகிறார்கள். ஒழுகலை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. மோசமாக ஒழுகும் கூரையும் உறுதியாக இருக்கலாம். சொட்டுத் தண்ணீர் விழாத தளத்துக்குள் கம்பி துருப்பிடித்துக் கிடக்கலாம். பாரத்தைச் சுமக்கும் பகுதி எப்படி இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

படி 1: தண்ணீர் வரும் வழி

மழையில்லாத நாளிலும் ஈரம் காயவில்லையா? முதலில் தண்ணீர்த் தொட்டியையும் குழாய்களையும் சந்தேகப்படுங்கள். மழையில் மட்டும் ஒழுகினால் மேலே ஏறிப் பாருங்கள். உள்ளே சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்பதில்லை. கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், இந்த இரண்டும்தான் வழக்கமான குற்றவாளிகள். மழை விட்ட பிறகும் தண்ணீர் தேங்கி நின்றால் வாட்டம் (தண்ணீர் வழிந்தோடும் சரிவு) சரியில்லை என்று அர்த்தம். 5 செ.மீ. தேங்கினாலே சதுர மீட்டருக்கு 50 கிலோ கூடுதல் பாரம்.

படி 2: கான்கிரீட் தளம் என்றால் தட்டிப் பாருங்கள்

இந்தப் படிக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். தலைக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, சிறு சுத்தியலால் அடிப்பக்கத்தை மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். 'ணங்' என்று கேட்டால் நல்லது. 'பொத்' என்று கேட்கும் இடத்தில் கான்கிரீட் உள்ளே பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது; அங்கே சாக்பீஸால் வட்டமிடுங்கள். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் கம்பி உப்பி, கான்கிரீட்டைக் கீழே தள்ளுகிறது. கம்பி ஓடும் வரிசையிலேயே நேர்க்கோடாக விரிசல், பழுப்புக் கறை, இரண்டும் இதன் அடையாளங்கள்.

கம்பி வெளியே தெரிந்தால் துருவைச் சுரண்டிவிட்டு அளந்து பாருங்கள். 10 மி.மீ. கம்பி 8 மி.மீ. ஆகியிருந்தால், '2 மி.மீ.தானே' என்று தோன்றும். ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது!

படி 3: ஓடு, தகரம்

இவற்றில் வேலை சுலபம். உடைந்த ஓடுகளை மாற்றினால் போதும். மரச் சட்டத்திலும் விட்டத்திலும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மாவுபோல உள்ளே இறங்கினால் கரையானோ உளுப்போ வேலையைக் காட்டியிருக்கிறது. முகடு நடுவில் தொய்ந்திருந்தால் மேலே ஓடு மாற்றிப் பயனில்லை. தகரத்தில் பெரும்பாலும் ஆணிக்கு அடியிலுள்ள ரப்பர் வாஷர்தான் முதலில் போகும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மீது காலை வைக்காதீர்கள், உடைந்துவிடும். துளை போடவோ அறுக்கவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

படி 4: முடிவு

சாக்பீஸ் வட்டங்கள் அங்கங்கே சில மட்டும், கம்பி தடிமன் குறையவில்லை என்றால் பழுது பார்க்கலாம். ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்: விட்டுப்போன கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியின் துருவை முழுக்க நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, அப்புறம் பாலிமர் கலந்த சிமெண்ட் கலவை பூச வேண்டும். துருவின் மேலேயே சிமெண்ட் பூசினால் அது மறுபடி விழும்.

வட்டங்கள் தளம் முழுக்கப் பரவியிருந்தாலோ, தளம் தொய்ந்திருந்தாலோ, பல கம்பிகள் மெலிந்திருந்தாலோ மாற்றுவதைத்தான் யோசிக்க வேண்டும். உப்பு ஏறிய கான்கிரீட்டில் ஓரிடத்தை ஒட்டினால் பக்கத்து இடத்தில் துரு வேகமெடுக்கும். போன தடவை ஒட்டியதன் ஓரத்திலேயே மறுபடி பெயர்கிறது என்றால், என்னைக் கேட்டால் இன்னொரு ஒட்டுக்குப் பணம் செலவழிக்க மாட்டேன்.

சந்தேகம் இருந்தால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். பூச்சு விற்பவரோ இடிக்கும் ஒப்பந்தக்காரரோ கூட்டிவருபவராக இல்லாமல், பார்த்துச் சொல்வதற்கு மட்டும் கட்டணம் வாங்குபவராக இருக்கட்டும். தளம் தொய்ந்திருந்தால் அவர் வரும்வரை அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம், மேலே உள்ள தொட்டியையும் காலி செய்துவிடுங்கள்.