கார்ஸ் 3 விளையாட்டில் பூஸ்ட் தீராமல் ஓட்ட

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பள்ளி விடுமுறை விட்டாச்சா? 2017-இல் வந்த 'கார்ஸ் 3: டிரிவன் டு வின்' கார் பந்தய வீடியோ விளையாட்டில் பிள்ளைகள் பின்தங்குவது பெரும்பாலும் பூஸ்ட் (கூடுதல் வேகம்) மீட்டர் காலியாகக் கிடப்பதால்தான். ஆக்ஸிலரேட்டரை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தால் அது ஏறாது. நேர்ச்சாலையில் கன்ட்ரோலரின் வலது ஸ்டிக்கைப் பக்கவாட்டில் தள்ளினால் கார் இரண்டு சக்கரத்தில் ஓடும். கீழே இழுத்தால் பின்பக்கமாக ஓடும். இரண்டும் மீட்டரை நிரப்பும். வளைவுக்கு டிரிஃப்ட், அதாவது காரைச் சறுக்கவிட்டுத் திருப்புவது. ஆனால் வளைவு வருமுன் காரை நேராக்கிவிடச் சொல்லுங்கள். பின்பக்கமாகவே திருப்பினால் சின்னதுகளுக்குத் திசை குழம்பி நேரே சுவர்தான்!

மின்வெட்டு அட்டவணை இருக்கும் நாளில் கரண்ட் போகும் நேரத்துக்கு 10 நிமிடம் முன்பே கன்சோலை முழுதாக அணையுங்கள், ரெஸ்ட் மோடு (அணையாமல் தூங்கும் நிலை) வேண்டாம். சேமிக்கும் நொடியில் கரண்ட் போனால் சேமிப்புக் கோப்பு கெட்டுப்போகலாம். அப்புறம் அழுகையை யார் சமாளிப்பது?